தீவுக்கும் மோனை உண்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஐஸ்லாந்து பற்றி எழுதிய சிறு குறிப்பில், "கடல் சூழ்ந்து தனித்துக் கிடந்ததால்தான் அந்தச் சின்ன நாட்டின் கலைக்குத் தனி முகம் வந்தது" என்று ஒரு வரி போட்டிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடலூர், புதுச்சேரி வாசகர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சிலர் மறுத்திருக்கிறார்கள், சிலர் செய்முறை கேட்டிருக்கிறார்கள். அந்த வரி பாதி உண்மைதான். மீதிப் பாதியை இந்தப் பதில்களில் சொல்லப் பார்க்கிறோம்.

தனியாகக் கிடந்த ஊர்கள் உலகத்தில் எத்தனையோ. எல்லா இடத்திலும் கலை வளர்ந்துவிடவில்லையே? ஐஸ்லாந்தில் மட்டும் அப்படி என்ன நடந்தது?
(பள்ளி ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்)

தனிமை மட்டும் எதையும் வளர்க்காது. அந்தத் தீவில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

870-களில் நார்வேயிலிருந்து ஆட்கள் போய்க் குடியேறினார்கள். 930-ல் ஊர்த் தலைவர்கள் கூடும் பொதுமன்றம் உருவானது. அரசன் கிடையாது. 1262–64-ல் நார்வே மன்னரின் கீழ் வந்தது, அதன்பின் டென்மார்க் வசம் போனது. 1602 முதல் 1787 வரை டென்மார்க் மன்னரின் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அங்கே வியாபாரம் செய்யலாம். 1703-ல் தலைக்கணக்கு எடுத்தபோது தீவு முழுவதிலும் இருந்தவர்கள் 50,358 பேர். நம் நெல்லிக்குப்பம் நகராட்சியில் இன்று ஏறக்குறைய அத்தனை பேர் இருப்பார்கள்.

இருந்த கொஞ்சம் காட்டையும் குடியேறியவர்கள் சீக்கிரமே அழித்துவிட்டார்கள். பெரிய மரம் வேண்டுமானால் கடல் ஒதுக்கும் கட்டைக்குக் காத்திருக்க வேண்டும். எரிமலைப் பாறைத் தீவு என்பதால் சுண்ணாம்புக்கல் இல்லை. வில்லியனூரில் சக்கரம் சுற்றுவது போன்ற மட்பாண்டத் தொழிலும் 20-ஆம் நூற்றாண்டு வரை வேர்விடவில்லை. கோவில் கட்டவும் சிற்பிக்குப் படியளக்கவும் மன்னன் இல்லை. இருந்தவை ஆடு, மாடு, பாதி நாளுக்கு மேல் இருட்டாக இருக்கும் பனிக்காலம், எல்லோரும் பேசிய ஒரே மொழி. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள். கன்றுத்தோலில் புத்தகம் எழுதினார்கள், கம்பளி நெய்தார்கள், பாட்டுக் கட்டினார்கள்.

தோல் ஏடு செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மற்ற ஐரோப்பிய நாடுகளில் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு மயிரைக் கழற்றுவார்கள். நம் கரையிலாவது கிளிஞ்சல் சுண்ணாம்பு உண்டு. அங்கே அது சுலபமில்லை. தோலை மடித்துப் புழுங்க வைத்து மயிரைத் தளர்த்தியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐஸ்லாந்து ஏடுகள் பழுப்பேறி இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. மயிர் போன ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். ஓரத்தில் துளை போட்டுக் கட்டினால் காயும்போது கிழியும். அதனால் ஓரத்தில் சின்னக் கூழாங்கல்லை வைத்துத் தோலோடு சேர்த்துச் சுருட்டி, அந்த முடிச்சில் கயிறு போடுவார்கள். பிறகு பிறைவடிவக் கத்தியால் சுரண்டுவார்கள். இங்கேதான் தவறு நடக்கும். ஈரத்தில் கத்தி கடுகளவு கீறினாலும், தோல் இறுகும்போது அது முட்டைவடிவ ஓட்டையாக விரியும். எழுதுபவர் அந்த ஓட்டையைச் சுற்றி வரியை ஒதுக்கி எழுதியிருப்பதைப் பழைய ஏடுகளில் பார்க்கலாம். பெரிய அளவுப் புத்தகம் என்றால் ஒரு கன்றுத்தோலுக்கு 2 தாள்தான் தேறும். 1387-ல் எழுதத் தொடங்கிய 'ஃப்ளாத்தேயார்போக்' என்ற பெரும் சுவடிக்கு 113 கன்றுகளின் தோல் போயிருக்கிறது.

மை காய்ச்சியதும் உள்ளூர்ச் செடியில்தான். தரையோடு படரும் ஒரு குத்துச்செடியின் இலையை வில்லோ மரக் குச்சிகளோடு போட்டு நெடுநேரம் கொதிக்க வைப்பார்கள். பதம் பார்ப்பது நம் வீட்டில் பாகு பதம் பார்ப்பது மாதிரியேதான். ஒரு சொட்டை நகத்தில் விட்டால் ஓடாமல் முத்தாக நிற்க வேண்டும். ஓடினால் இன்னும் கொதிக்க வேண்டும்.

அச்சு இயந்திரம் 1530-ஐ ஒட்டியே தீவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது இரண்டரை நூற்றாண்டுக்கு ஏறக்குறைய திருச்சபையின் கையில் இருந்தது. அதில் சமய நூல்களே பெரும்பாலும் வந்தன. வீரக்கதையும் குடும்பக்கதையும் வேண்டுமென்றால் கையால் படியெடுக்க வேண்டியதுதான். பண்ணை வீடுகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூடப் படியெடுத்தார்கள். பழைய கதை உயிரோடு இருந்ததற்குக் கடல் ஒரு காரணம் என்றால், அச்சகம் அவற்றைத் தொடாமல் விட்டது இன்னொரு காரணம்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. அந்தச் சுவடிகளுக்குள்ளேயே பிரெஞ்சுக் காதல் கதைகளின் மொழிபெயர்ப்புகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கதவு மூடியிருக்கவில்லை. வருவது கொஞ்சமாக வந்தது, மெதுவாக வந்தது. வந்ததை மென்று விழுங்க அவகாசம் இருந்தது.

ஐஸ்லாந்துப் பாட்டில் மோனை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். நம் யாப்பில் சொல்லும் மோனைதானா? வெறும் ஒலியொற்றுமையை மோனை என்று சொல்லிவிடக்கூடாது.
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிதம்பரம்)

ஐயா, வெறும் ஒலியொற்றுமை இல்லை. சீர் எண்ணி, இடம் குறித்து அமைக்கும் இலக்கணமே உண்டு. நம் மோனை வகைகளின் பெயரைக் கொண்டே அதை விளக்கிவிடலாம் என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

அவர்கள் இரண்டு அடியை ஓர் அலகாகக் கொள்கிறார்கள். முதல் அடியில் 2 இடத்தில் ஒரே ஒலி வர வேண்டும், இரண்டாம் அடியின் முதல் சீரில் அதே ஒலி மூன்றாவதாக வர வேண்டும். முதலிரண்டையும் 'தூண்' என்ற பொருளிலும், மூன்றாவதைத் 'தலையெழுத்து' என்ற பொருளிலும் அழைக்கிறார்கள். தமிழில் ஒரு மாதிரி கட்டிக் காட்டுகிறோம்:

கடலூர் வந்த கப்பல் ஒன்று
கரையில் நின்று திரும்பிப் போச்சு

நாற்சீர் அடியில் 1, 3 வலுவான சீர்கள். 2, 4 மெலிந்தவை. தூண்களில் ஒன்றாவது வலுவான சீரில் நிற்க வேண்டும். இரண்டாம் தூண் அடுத்த அடியின் தலையெழுத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே 1–3 செல்லும், அது நம் பொழிப்பு மோனை. 2–3 செல்லும், 3–4 செல்லும். நாம் தாராளமாக ஏற்கும் இணை மோனை, அதாவது 1–2, அங்கே பிழை. தூண் தலையெழுத்துக்கு ரொம்பத் தள்ளிப் போய்விடுகிறது. ஒரூஉ, 1–4, அதுவும் பிழை. தூண்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது. 2–4-ம் ஆகாது, இரண்டுமே மெலிந்த சீர். நாம் கொண்டாடும் முற்று மோனை அங்கே மிகைக்குற்றம். மூன்று என்றால் மூன்றுதான், நான்காவது வந்தால் காது உறுத்தும் என்பார்கள்.

எந்த எழுத்துக்கு எது இனம் என்பதிலும் வேறுபாடு உண்டு. நமக்கு அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ இன்னொன்று. அவர்களுக்கு எல்லா உயிரும் ஒரே இனம், எந்த உயிருக்கும் எந்த உயிரும் மோனை. மெய்யில் மட்டும் கறார். 'ஸ்ப', 'ஸ்த', 'ஸ்க' போன்ற கூட்டொலி தன்னோடு மட்டுமே சேரும்; 'ஸ்த'வுக்கு 'ஸ்க' மோனையாகாது. நாம் சகரத்துக்குத் தகரத்தையும், மகரத்துக்கு வகரத்தையும் இனமாக ஏற்கிறோமே, அந்தச் சலுகை அவர்களிடம் இல்லை. எதுகைக்கு நேரான கட்டாயம் அவர்களின் நாட்டுப்பாட்டில் இல்லை. அடியின் கடைசியில் வரும் இயைபு உண்டு. நாலடிப் பாட்டில் 1-ம் அடியும் 3-ம் அடியும், 2-ம் அடியும் 4-ம் அடியும் இயையும்.

ஒரு காலத்தில் ஆங்கிலம், ஜெர்மன், நார்வே மொழிப் பாட்டுகளிலும் இதே மோனை ஆட்சி செய்தது. புது யாப்பு வந்ததும் அங்கெல்லாம் அது தேய்ந்து போனது. ஐஸ்லாந்தில் நின்றதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். அந்த மொழியில் சொல்லின் முதல் அசைதான் எப்போதும் அழுத்தம் பெறும். முதலெழுத்து காதில் விழுந்துகொண்டே இருக்கும்போது மோனைக்கு மவுசு குறையாது. இன்னொன்று, கேட்டவர்கள். பனிக்கால இரவில் வீட்டார் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் 'ரீமுர்' என்ற நெடும்பாட்டை ராகம் போட்டுச் சொல்வார். கை வேலையில் இருந்தாலும் காது பாட்டில் இருக்கும். தூண் தவறினால் பாட்டியே திருத்திவிடுவார்.

பிறகு நடந்ததுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. 1944-ல் குடியரசானது. அதே 1940-களிலும் 50-களிலும் இளங்கவிஞர்கள் மோனையை உதறிவிட்டு எழுதத் தொடங்கினார்கள். மரபாளர்கள் 'அணுக் கவிஞர்கள்' என்று பெயர் வைத்துச் சாடினார்கள். நம்மிடம் 'எழுத்து' இதழ் 1959-ல் தொடங்கியபோது கிளம்பிய புதுக்கவிதைச் சண்டைக்கு அது அக்கா மாதிரி. எழுநூறு ஆண்டு அடுத்தவர் ஆட்சியில் இருந்தபோது மோனை அடையாளமாக இருந்தது. நாடு தன் கைக்கு வந்தபின், மோனை இல்லாமலும் நாங்கள் நாங்களே என்று சொல்லும் துணிச்சல் வந்தது. விடுதலை மரபைக் காப்பாற்றும் என்று நாம் எதிர்பார்ப்போம். மரபை விட்டுவிடவும் அதுதான் இடம் கொடுக்கிறது.

கனடாவில் இருக்கும் மகளுக்கு, கழுத்தைச் சுற்றி வட்டமாகக் கோலம் வரும் ஐஸ்லாந்து ஸ்வெட்டர் பின்ன ஆசை. ஆயிரம் வருடத்துப் பழைய பின்னல் என்கிறார்களே? கண்ணிக் கணக்கு சொல்வீர்களா?
(இல்லத்தரசி, லாஸ்பேட்டை)

ஆயிரம் வருடப் பழசு இல்லை அம்மா. 'லோபபேய்சா' என்ற அந்த ஸ்வெட்டர் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. பின்னல் அங்கே பல நூற்றாண்டாக உண்டு. கழுத்துக் கோலம் மட்டும் புதுசு. கிரீன்லாந்துப் பெண்களின் மணிக்கழுத்துப் பட்டையைப் பார்த்து வந்தது என்பார்கள் சிலர், ஸ்வீடன், நார்வே மாதிரியிலிருந்து என்பார்கள் சிலர். எங்கிருந்து வந்தாலும், குடியரசாகிச் சில ஆண்டுகளிலேயே அது தேசிய உடை போல ஆகிவிட்டது. தீவின் அடையாளம் என்று உலகம் நினைக்கும் பொருள், தனிமை கலைந்த பிறகு பிறந்தது.

பழமை இருப்பது நூலில். ஐஸ்லாந்து ஆட்டு ரோமம் இரண்டு அடுக்கு. வெளியில் நீளமாக, தண்ணீரை வடியவிடும் 'டோக்'. உள்ளே பஞ்சு போன்ற 'தெல்'. இரண்டையும் பிரிக்காமல், முறுக்கியும் முறுக்காமலும் விட்ட நூல்தான் 'லோபி'.

நீங்கள் 'லெட்லோபி' என்ற ரகம் வாங்குங்கள். 50 கிராம் உருண்டையில் 100 மீட்டர் இருக்கும். 100 செ.மீ. மார்பளவுக்கு அடிப்படை நிறத்தில் 10 உருண்டை, கோலத்துக்கு 3 உருண்டை போதும். 4.5 மி.மீ. வட்ட ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கையகலத் துண்டு ஒன்று பின்னி, நனைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 24 வரிசை வர வேண்டும். கை இறுக்கமாக இருந்து 20 கண்ணி வந்தால், 180 கண்ணி போட்டாலும் 90 செ.மீ. தான் கிடைக்கும், மகளுக்கு ஏறாது. அப்படியானால் ஊசியை 5 மி.மீ.க்கு மாற்றுங்கள், கையை மாற்றப் பார்க்காதீர்கள்.

உடம்புக்கு 180 கண்ணி போட்டு, தையலே இல்லாமல் வட்டமாக, அக்குள் வரை 40 செ.மீ. பின்னுங்கள். கைக்கு மணிக்கட்டில் 40 கண்ணி. பட்டி 5 செ.மீ. முடிந்ததும் 8 வரிசைக்கு ஒருமுறை 2 கண்ணி கூட்டி, 11 முறையில் 62-க்குக் கொண்டுவாருங்கள். கை நீளம் 45 செ.மீ. இப்போது மூன்று குழாயையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு அக்குளிலும் உடம்பில் 10, கையில் 10 கண்ணியை வேறு நூலில் கோத்து ஒதுக்கிவிடுங்கள். உடம்பில் 160, இரண்டு கையில் 104, ஆக 264 கண்ணி ஊசியில் நிற்கும். 12 கண்ணிக் கோலம் 22 முறை வட்டமாகச் சரியாக வரும்.

கழுத்து வட்டம் ஏறக்குறைய 58 வரிசை. அதில் 4 முறை குறைக்க வேண்டும். ஒவ்வொரு கோலத்திலும் 2 கண்ணி. 264 என்பது 220, 176, 132, கடைசியில் 88 ஆகும். முதல் குறைப்பை 22-வது வரிசைக்கு முன் செய்யாதீர்கள், தோள்பட்டை பிடிக்கும். மற்றவற்றை 34, 44, 52-ல் வைக்கலாம்.

பெரும்பாலோர் கெடுப்பது பின்பக்க இழையில். இரண்டு நிறத்தில் பின்னும்போது சும்மா இருக்கும் நிறம் பின்னால் ஓடும். அது 5 கண்ணிக்கு மேல் நீண்டால் விரல் மாட்டும். இழுத்துப் பிடித்தால் கோலம் சுருங்கி மேடு பள்ளமாகும். நிறம் மாற்றும் முன் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் பரப்பிவிட்டு, அந்த அகலத்துக்கு இழையைத் தளர விடுங்கள். கடைசியில் அக்குளில் ஒதுக்கிய 10-ஐயும் 10-ஐயும் தையலூசியால் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடுங்கள்.

புதுச்சேரிப் புழுக்கத்தில் கை வியர்த்தால் இந்த நூல் உரசி உரசித் திரண்டுவிடும். மார்கழி, தை மாதத்தில் பின்னுங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் மின்விசிறிக்குக் கீழே. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டாம். இரண்டு முனையையும் ஒரு விரல் நீளம் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, லேசாக நனைத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டுங்கள். ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் நூலில் இது நடக்காது. துவைப்பதற்குப் பச்சைத் தண்ணீர், முறுக்கிப் பிழியக்கூடாது. வெந்நீர் பட்டால் பொம்மைக்குத்தான் போடலாம்.

கணினி, மின்சாரம் என்றெல்லாம் நாம் சொல் ஆக்குவதுபோல் அங்கேயும் உண்டா?
(கல்லூரி மாணவி, பண்ருட்டி)

உண்டு, நம்மைவிடப் பிடிவாதமாக. கணினிக்கு 'தோல்வா' என்கிறார்கள். எண் என்பதற்கான சொல்லையும், குறி சொல்பவள் என்பதற்கான பழஞ்சொல்லையும் இணைத்து ஆக்கியது. எண்களை வைத்துக் குறி சொல்பவள்! தொலைபேசிக்கு 'சீமி': நூலிழை என்ற பொருளில் சுவடியில் கிடந்த வழக்கொழிந்த சொல்லைத் தூசு தட்டி எடுத்தார்கள். மின்சாரம் 'ராஃப்மாக்ன்', அம்பர் என்ற மரப்பிசின் கல்லின் சக்தி என்று பொருள். புதுச்சொல் எல்லாம் பழைய ஏட்டிலிருந்து முளைப்பதால் இன்றைய பள்ளிப்பிள்ளையும் 13-ஆம் நூற்றாண்டு உரைநடையைக் கொஞ்சம் முயன்றால் படித்துவிடுகிறது.

அங்கே இரண்டு குரலில் பாடும் ஒரு பழைய முறை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கர்நாடக இசை தெரிந்தவர்கள் அதைப் பாடிப் பார்க்க முடியுமா?
(இசை பயிலும் மாணவர், முத்தியால்பேட்டை)

அதன் பெயர் 'த்வீசொங்குர்', இருவர் பாட்டு. ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதே மெட்டை ஐந்தாம் சுரத்தில் கூடவே பாடுவார். இவர் ச என்றால் அவர் ப. இவர் ரி என்றால் அவர் த. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளில் இசைப் பாடம் இப்படி ஐந்தாம் சுரம் இணையாகப் போவதைக் குற்றம் என்று ஒதுக்கிய பின்னும், ஐஸ்லாந்துப் பண்ணைகளில் பாடிக்கொண்டே இருந்தார்கள். ஆர்கன் வாத்தியம் 19-ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களுக்குள் வந்து பரவிய பிறகுதான் தேய்ந்தது. பியார்னி தோர்ஸ்டெய்ன்சன் என்ற பாதிரியார் ஊர் ஊராகச் சேகரித்து 1906–09-ல் அச்சிட்ட தொகுப்பு இல்லாவிட்டால் பாதி போயிருக்கும்.

பாடிப் பார்க்க எளிய வழி இது. சுருதிப்பெட்டியில் ச–ப வையுங்கள். ஹார்மோனியம், கீபோர்டு வேண்டாம். அவற்றில் பஞ்சமம் மயிரிழை குறைவாக இருக்கும், இந்தப் பாட்டின் சுகமே சுத்தப் பஞ்சமத்தில்தான். இந்தப் பாட்டுகள் பலவற்றின் சுர வரிசை, பிரதி மத்யமத்தோடு, நம் மேசகல்யாணிக்குப் பொருந்தும். கமகம் அறவே கூடாது. ஒருவர் அசைத்தால் இருவருக்கும் இடையிலுள்ள பஞ்சமம் ஆடிவிடும். கல்யாணியில் ச–ப, ரி–த, க–நி, நி–ம எல்லாம் பொருந்தும். ம-வுக்கு மேல் ஐந்தாவதாக வரும் ச மட்டும் அரைச் சுரம் குறையும், அந்த இடத்தில் நீட்டி நிற்காதீர்கள். மெட்டு மேலே ஏறும்போது மேல்குரல் எட்டாது. அப்போது அவர் இறங்கி மெட்டுக்குக் கீழே ஐந்தாம் சுரத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு குரலும் குறுக்கே கடக்கும் அந்த இடம்தான் இதன் உயிர். முதலில் ஒவ்வொருவரும் தனித்தனியே மனப்பாடமாகப் பாடுங்கள். பாதி தெரிந்துகொண்டு சேர்ந்தால், கடக்கும் இடத்தில் ஒருவர் மற்றவர் சுரத்துக்கு இழுபட்டுப் போய்விடுவார்.

பூட்டானும் ஒதுங்கிய நாடுதானே. அதையும் இதே கணக்கில் சேர்க்கலாமா?
(வங்கி ஊழியர், மஞ்சக்குப்பம்)

சேர்க்காமல் இருப்பது நல்லது. ஐஸ்லாந்துக்குத் தனிமை கடலால் வந்தது. பூட்டானுக்கு மலையும் காரணம், அதைவிட அரசின் முடிவு காரணம். அயலார் ஆட்சிக்கு உட்படாத நாடு. தொலைக்காட்சியையும் இணையத்தையும் 1999-ல்தான் அனுமதித்தார்கள். ஓவியம், மரவேலை, நெசவு முதலிய 13 கைத்தொழில்களை வரிசைப்படுத்தி, பள்ளி வைத்துக் கற்றுத்தருகிறார்கள். விதி தளராமல் நிற்கும் அழகு அங்கே உண்டு. ஐஸ்லாந்தில் வீட்டுக்கு வீடு தானாக நடந்ததைப் பூட்டானில் அரசு ஏற்று நடத்துகிறது.

ஐஸ்லாந்து நிலக்காட்சி ஓவியங்கள், அந்த மண்ணை விட்டு அசையாதவர்கள் வரைந்தது போல இருக்கின்றன. தனிமையில் பழகியவர்கள்தானே?
(ஓவிய மாணவர், அரியாங்குப்பம்)

அப்படித் தோன்றும். உண்மை வேறு. தோராரின் தோர்லாக்சன் 1900-ல் ரெய்க்யாவிக்கில் நடத்திய கண்காட்சியிலிருந்துதான் அந்நாட்டு ஓவிய வரலாற்றைத் தொடங்குவார்கள். அவர் பயின்றது கோபன்ஹேகனில். எரிமலைக் குழம்பு உறைந்த பாறையையும் அதன்மேல் படர்ந்த பாசியையும் காலடியில் குனிந்து பார்த்து வரைந்த யோஹான்னஸ் க்யார்வாலும் (1885–1972) அங்கேதான் படித்தார். காலங்காலமாக அந்தப் பாறை, மக்களுக்கு மாடு மேயாத வீண் நிலம். வெளியே போய்த் திரும்பிய கண்ணுக்குத்தான் அது படமாகப் பட்டது. 1904-ல் உள்ளாட்சி, 1918-ல் இறையாண்மை என்று அரசியலும் அதே வேகத்தில் நகர்ந்தது, எங்கள் நிலம் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்துக்கு ஊரில் தேவை இருந்தது. மலையை வானம் வெட்டும் தொடுவானக் கோட்டை க்யார்வால் பல படங்களில் மேல்விளிம்புக்குத் தள்ளிவிடுவார், முக்கால் பங்குக்கு மேல் தரையே இருக்கும். நீங்கள் தேங்காய்த்திட்டு உப்பங்கழியை வரையும்போது அப்படி ஒருமுறை செய்துபாருங்கள். சேறும் நண்டுவளையும் படத்தின் பொருளாகிவிடும்.

புதுச்சேரியும் நெடுங்காலம் தனி ஆட்சியில் இருந்த சின்ன ஊர்தான். நமக்கு ஏன் அப்படி ஒரு தனிக் கலை இல்லை? திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மையும் வில்லியனூர்ச் சுடுமண்ணும் நிலைக்க என்ன செய்யலாம்?
(கைவினைப் பொருள் கடைக்காரர், வில்லியனூர்)

புதுச்சேரி தனி ஆட்சியில் இருந்தது, தனியாக இருந்ததில்லை. 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்து, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது வரை எல்லை என்பது வயல் வரப்பாகத்தான் இருந்தது. பாகூரிலிருந்து கடலூர்ச் சந்தைக்குப் போகிறவர் எத்தனை முறை எல்லை தாண்டினார் என்று எண்ணியிருக்க மாட்டார். மொழி ஒன்று, கூத்து ஒன்று, சொந்தபந்தம் ஒன்று. ஆகவே இங்கே ஒரு மொழியின் கலை தனியாகக் கிளைக்க வழியில்லை. கலந்துதான் வந்தது. தமிழர் பகுதித் தெருவில் நின்று ஒரு பழைய மாடிவீட்டைப் பாருங்கள். கீழே திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணும். மேலே வளைவு ஜன்னலும் சுண்ணாம்பில் இழைத்த அரைத்தூணும். தெருவோடு பேசுவது தமிழ்த் தளம், தெருவுக்கு முகம் காட்டுவது பிரெஞ்சுத் தளம். அந்த வீடு நம் தனிக்கலைதான். இன்னொன்றும் உண்டு. புதுச்சேரியில் காக்கப்படும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை.

ஐஸ்லாந்தும் சுவடிக்காகவே போராடியது. ஆர்னி மாக்னூசன் (1663–1730) தீவெங்கும் தேடியபோது, சட்டை வெட்டும் மாதிரித் துண்டாகக் கத்தரிக்கப்பட்ட தோல் ஏடுகூட அகப்பட்டது. எல்லாவற்றையும் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார். குடியரசான பிறகு திருப்பிக் கேட்டார்கள். 1971 ஏப்ரல் 21-ல் முதல் இரண்டு சுவடிகளோடு டென்மார்க் போர்க்கப்பல் வந்தபோது ரெய்க்யாவிக் துறைமுகத்தில் திரண்ட கூட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். 1997 வரை ஒப்படைப்பு நடந்தது. தனிமை சுவடியை எழுத வைத்தது. அதைத் திரும்பப் பெற ஒரு நாடாக நின்று கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். திருக்கனூருக்கும் வில்லியனூருக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பெயர் மட்டும் போதாது, அந்தப் பெயருக்குக் கீழே என்ன வரும் என்பதை வாங்குபவருக்குத் தெரியும்படி எழுதி மாட்ட வேண்டும். லோபபேய்சாவுக்கு 2020-ல் அங்கே பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தபோது நிபந்தனைகளைச் சொல்லிவிட்டார்கள்: ஐஸ்லாந்து ஆட்டின் புது ரோமம், அந்நாட்டிலேயே கையால் பின்னியது, தையலில்லா வட்டக் கழுத்து. யாரும் கையில் எடுத்துச் சோதித்துவிடலாம். உங்கள் கடையிலும் எந்த மண், எந்த ஊர் சூளை, அச்சா கையா என்று ஒரு சீட்டு ஒவ்வொரு பொருளோடும் போகட்டும்.

காகிதக்கூழ்ப் பொம்மைக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஐப்பசி, கார்த்திகையில் செய்த பொம்மை தை பிறந்ததும் வெடிக்கிறது. மேல் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் சுண்ணத்தூள் பூச்சும் வண்ணமும் ஏறினால், உள்ளீரம் பின்னால் காயும்போது கூடு சுருங்கும், பூச்சு சுருங்காது, விரிசல் விடும். சில சமயம் உள்ளே பூஞ்சணம் பிடித்து வண்ணத்தில் பழுப்புப் புள்ளி தெரியும். கையால் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். நகைக்கடைத் தராசு வேண்டாம், கிராம் காட்டும் சமையல் தராசு போதும். பூச்சுக்கு முன் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எடை போட்டுப் பொம்மையின் அடியிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை குறையாமல் நின்றால்தான் உள்ளேயும் காய்ந்ததாகக் கணக்கு. அடைமழை வாரத்தில் அது நிற்காது. அந்த வாரம் கூடு மட்டும் செய்து அடுக்குங்கள், பூச்சை வெயில் வந்ததும் வைத்துக்கொள்ளலாம்.